கீழே இருந்து வந்த தட்டு

உப்பங்கழியின் கரையில், ஒரு கம்பி தண்ணீரை விட்டு மேலே ஏறுகிற இடத்தில், ஒரு தகரக் கொட்டகை இருந்தது. வடிவு என்ற பெண் அதில் கைக்குழந்தையோடு இருந்தாள். கம்பியைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

கழிக்கு அந்தப் பக்கம் ஆமைத்திட்டு. அங்கே ஆள் கிடையாது. காற்றையும் அலையையும் அளக்கிற பெட்டி ஒன்றை மட்டும் வைத்திருந்தார்கள். பெட்டி அளந்ததைக் கம்பி தண்ணீருக்கு அடியிலேயே கொண்டுவந்து கொட்டகையில் இருந்த கம்ப்யூட்டரில் சேர்க்கும். இன்றைக்கு வள்ளம் இறக்கலாமா வேண்டாமா என்று கரையோரத்து ஊர்கள் அதைக் கேட்டுத்தான் முடிவு செய்யும்.

ஐப்பசிப் புயலில் கம்பி அறுந்தது. வடிவிடம் வேலை கற்றுக்கொண்டிருந்த செல்லையன் அதற்கு ஒட்டுப்போட வள்ளத்தில் போனான். வள்ளம் மட்டும் கரை ஒதுங்கியது. கவிழ்ந்துகூட இல்லை. அவன் கொண்டுபோன தூக்குச்சட்டி மூடி திறக்காமல் அப்படியே இருந்தது. கருவிப் பை மட்டும் இல்லை.

ஊரே இறங்கித் தேடியது. பிறகு காற்று வலுத்துவிட்டது. வள்ளங்களைக் கரையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள்.

செல்லையனின் அப்பா பக்கிரி வீட்டுக்குப் போகவில்லை. ஒரு காலையில் கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

வடிவு குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆளைப் பார்த்ததும் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

"எம்மவனுக்குச் சொல்லிக்கொடுத்தியே, அதை எனக்கும் சொல்லிக்கொடு" என்றார்.

"உள்ள வாங்க மாமா. இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இது?"

"கம்பியை ஒட்டத்தானே போனான். அப்போ அதோட அந்த முனையிலதான் அவன் இருக்கணும். இந்த முனையில நான் இருக்கேன். நடுவுல என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

வடிவு குழந்தையைத் தூளியில் போட்டாள். ஒரு ஸ்டூலை முந்தானையால் துடைத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

அன்றிலிருந்து அவர் அவளை ஆசானே என்று கூப்பிட்டார். அவளுக்குக் கூச்சமாக இருந்தது. வேண்டாம் மாமா என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

"வயசுல நீ எம்மவ மாதிரி. வித்தையில ஆசான்தானே? கூப்பிட்டா என் வாய் என்ன சுளுக்கிக்கவா போவுது?" என்பார்.

முதல் கேள்வியை அவர் சோறு வெந்துகொண்டிருக்கும்போது கேட்டார்.

"ஆசானே, கம்பிக்குள்ள என்னா ஓடுது? பேச்சா, எழுத்தா, கணக்கா?"

வடிவு அடுப்பு முன்னால் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தூளியில் கட்டிய கயிற்றின் நுனி அவள் கால் கட்டைவிரலில் சுற்றியிருந்தது. குழந்தை சிணுங்கியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. காலை இரண்டு தரம் இழுத்து விட்டாள். தூளி அசைந்தது. சிணுங்கல் நின்றது.

"இப்ப குழந்தைக்கு என்ன தெரிஞ்சுது மாமா?"

"அம்மா இருக்கான்னு தெரிஞ்சுது."

"கயித்துல பாருங்க. அங்க அம்மா இருக்காளா?"

பக்கிரி எழுந்து போய்க் கயிற்றைத் தடவிப் பார்த்தார். வேடிக்கைக்காக இல்லை. உண்மையாகவே தேடினார்.

"இல்லை. வெறும் இழுப்புதான் இருக்கு. இழுத்தா விறைக்குது. விட்டா தொய்யுது."

"கம்பியிலயும் அவ்வளவுதான். விறைப்பும் தொய்வும். திட்டுல இருக்கற பெட்டி ஏத்தும், எறக்கும். அதைச் சேதின்னு வச்சுக்கறது நாம."

"அப்போ கம்பிக்கு எதுவுமே தெரியாதா?"

"தெரியாது மாமா."

அது பக்கிரிக்குப் பிடிக்கவில்லை. அன்று சோறு சரியாக இறங்கவில்லை அவருக்கு.

வடிவின் புருஷன் அஞ்சப்பன் ஊரில் வேலையாக இருந்தான். வாரம் ஒரு தரம் அரிசியும் தண்ணீர்க் குடமும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவான். அவன் வந்த அன்று பக்கிரி ஒரு துண்டுக் கம்பியைக் கத்தியால் உரித்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே இரண்டு கம்பிகள், ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு கிடந்தன.

"ஒண்ணு போதாதா? எதுக்கு ரெண்டு? எதுக்கு இந்த முறுக்கு?"

"புருசன் பொண்டாட்டிதான் மாமா, வேற என்னா" என்றான் அஞ்சப்பன். "ஒருத்தர் கழுத்தை ஒருத்தர் நெறிச்சுக்கிட்டுக் கெடக்கறதைப் பாத்தாத் தெரியலை?"

"நீங்க குடத்தை எறக்குங்க முதல்ல" என்றாள் வடிவு. பிறகு பக்கிரியிடம் சொன்னாள். "இடி இடிக்குது, பக்கத்துல மோட்டார் ஓடுது. அந்தச் சத்தமெல்லாம் கம்பி மேல வந்து விழும். முறுக்கியிருந்தா ரெண்டு மேலயும் ஒரே மாதிரி விழும். அதை நாம கேக்கறதே இல்லை. ரெண்டுக்கும் நடுவுல உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் கேப்போம். அதான் சேதி."

"இவளும் அப்படித்தான் மாமா. நான் பேசுறதுல வித்தியாசம் எங்கே இருக்குன்னு மட்டும்தான் கேப்பா."

பக்கிரி சிரித்துவிட்டார். மகன் போனதிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டிருக்கும்போதே முகம் மாறியது.

"ஆசானே. வெளியில இருந்து எது வந்து விழுந்தாலும் விட்டுடுவோமா? அது யார் சத்தமா இருந்தாலும்?"

"ரெண்டு மேலயும் ஒண்ணா விழுந்தா விட்டுடுவோம்."

"ஒண்ணு மேல மட்டும் விழுந்தா?"

தூளி கிறீச் கிறீச் என்று ஆடிக்கொண்டிருந்தது.

"அப்போ அது சேதி ஆயிடும் மாமா" என்றாள்.

அடுத்த நாள் அவள் அலமாரியிலிருந்து ஒரு கைப்பெட்டியை எடுத்தாள். அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திரை. திரையில் பச்சையாய் ஒரு கோடு. கம்பியின் கரை முனையைப் பெட்டியில் பொருத்தினாள்.

"கம்பி எங்க அறுந்திருக்குன்னு இதுல பாக்கலாம். பொத்தானை அமுக்கினா பெட்டி கம்பிக்குள்ள ஒரு தட்டு தட்டும். நாலு தரம் அமுக்கினா நாலையும் சேத்து வச்சு ஒரே மூச்சுல தட்டும். போனது இடது பக்கம் தெரியும். எதாவது திரும்பி வந்தா வலது பக்கம் தெரியும். எவ்வளவு தூரம் போய்த் திரும்புதோ அவ்வளவு தள்ளித் தெரியும்."

அவள் ஒரு தரம் அமுக்கினாள். கோட்டின் இடது பக்கம் சின்னக் குன்று மாதிரி ஒன்று எழும்பியது. வலது பக்கம், கொஞ்சம் தள்ளி, கோடு கீழே குழிந்தது.

"அந்தப் பள்ளம்தான் அறுந்த இடம். நடுக்கழி."

"அங்கதான் அவன் வள்ளத்தைக் கட்டியிருப்பான்" என்றார் பக்கிரி.

"ஆமாம் மாமா."

குழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீர் காய்ந்துவிட்டது. வடிவு வெளியே போனாள். பக்கிரி பெட்டி முன்னால் தனியாக இருந்தார்.

அந்தக் கழியில் ஒரு வழக்கம் உண்டு. மார்கழிப் பனி இறங்கினால் முன்னால் இருக்கிற வள்ளம் பின்னால் இருக்கிறவனுக்குத் தெரியாது. அப்போது பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பனிக்குள் பெயரைச் சொன்னால் வேறு ஏதாவது அந்தப் பெயருக்குப் பதில் சொல்லிவிடும் என்று ஒரு பயம். அதனால் துடுப்பால் வள்ளத்தின் ஓரத்தைத் தட்டுவார்கள். முன்னால் போகிறவன் மூன்று தட்டினால் பின்னால் வருகிறவன் மூன்று தட்டுவான். ஐந்து என்றால் ஐந்து. அதே கணக்குத் திரும்பி வந்தால் ஆள் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம். வராவிட்டால் வள்ளத்தைத் திருப்பிவிடுவார்கள்.

செல்லையன் நடக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்பே தட்டக் கற்றுக்கொண்டான். அப்பா மடியில் உட்கார்ந்து கொட்டாங்கச்சியால் தட்டுவான்.

பக்கிரி பொத்தானை மூன்று தரம் அமுக்கினார்.

இடது பக்கம் மூன்று குன்றுகள் எழும்பின. வலது பக்கம் மூன்று பள்ளங்கள் விழுந்தன.

சுட்டுவிட்டது போலக் கையை எடுத்துக்கொண்டார்.

"வடிவு! ஏ வடிவு!" ஆசானே என்று கூப்பிடுவதே மறந்துவிட்டது அவருக்கு.

வடிவு ஈரக் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"தட்டுறான்! மூணு தட்டினேன், மூணு தட்டுறான் பாரு!"

"மாமா, அது வந்து..."

"இரு, இரு. ஏழு தட்டிப் பாக்கறேன்."

ஏழு தட்டினார். ஏழு பள்ளங்கள் விழுந்தன. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. பக்கிரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எதுக்குப் பள்ளமா வருதுன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு ஆசானே. நான் மேல இருந்து தட்டுறேன். அவன் கீழ இருந்து தட்டுறான்."

குழந்தையின் உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வடிவு துடைக்கவில்லை. குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்த பக்கிரி, ஆசானுக்கும் இது புதுசு போலிருக்கு என்று நினைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் அவர் அந்தப் பெட்டியை விட்டு நகரவில்லை. விடிந்ததும் தட்டுவார். சாப்பிட உட்காரும்போது தட்டுவார். டீ போட்டால் இரண்டு டம்ளரில் ஊற்றி ஒன்றைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பார். ஆறிய டீயை வெளியே கொட்டிவிட்டு டம்ளரைக் கழுவி வைப்பார். வடிவு பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

பள்ளங்கள் நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே வந்தன.

"அறுந்த வாய் வழியா கம்பிக்குள்ள உப்புத்தண்ணி ஏறுது மாமா. போறதையும் வர்றதையும் அது தின்னுக்கிட்டிருக்கு" என்றாள் வடிவு.

"இல்லை ஆசானே. களைச்சுப் போறான். எத்தனை நாளைக்குத்தான் ஒருத்தன் தட்டுவான்?"

ஒரு நாள் காலை வடிவு எழுந்து பார்த்தபோது பெட்டி முன்னால் ஆள் இல்லை. ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். பக்கிரி கரையில் செல்லையனின் வள்ளத்தை நிமிர்த்திப் போட்டிருந்தார். துடுப்பும் தண்ணீர்க் கேனும் உள்ளே இருந்தன. காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. கழி முழுக்க வெள்ளை நுரை.

குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் இறங்கிப் போனாள்.

"எங்க மாமா?"

"நடுக்கழிக்கு. பள்ளம் மயிரிழையா ஆயிடுச்சு. இன்னைக்குப் போகலைன்னா நாளைக்கு அவன் இருக்க மாட்டான்."

"இந்தக் காத்துல போனா நீங்க இருக்க மாட்டீங்க."

"பதில் சொல்ற புள்ளைய விட்டுட்டு கரையில உக்காந்து டீ குடிக்கச் சொல்றியா என்னை?"

வடிவு வள்ளத்துக்குள் கிடந்த கயிற்றை எடுத்தாள். ஒரு நுனியை வள்ளம் கட்டுகிற தறியில் இறுக்கிக் கட்டினாள். இன்னொரு நுனியை அவர் கையில் கொடுத்தாள்.

"போறது போறீங்க. இதை ஒரு தரம் உதறிட்டுப் போங்க."

"விளையாடுற நேரமா இது?"

"ஆசான்னு கூப்பிடறீங்கல்ல. உதறுங்க."

பக்கிரி கயிற்றைத் தூக்கி ஒரு உதறு உதறினார். கயிற்றில் ஒரு திமில் எழும்பி ஓடியது. தறியில் போய் முட்டியது. முட்டியதும் குப்புறத் திரும்பியது. கயிற்றின் அடிப்பக்கமாகத் தொங்கிக்கொண்டே ஓடிவந்து அவர் மணிக்கட்டில் இடித்தது.

அவர் கயிற்றையே பார்த்தார்.

"மூணு உதறுங்க."

மூன்று திமில்கள் மேலே எழும்பிப் போயின. மூன்றும் தலைகீழாகத் திரும்பி வந்தன. போனதைவிட வந்தது கொஞ்சம் சின்னது.

"பெட்டியில வர்ற மாதிரியே இருக்கே" என்றார் பக்கிரி.

"தறி பதில் சொல்லுதா மாமா?"

வடிவு போய்த் தறியிலிருந்து கயிற்றை அவிழ்த்தாள். குழந்தையை இடது இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, அந்த நுனியைத் தன் வலது கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப உதறுங்க."

திமில் ஓடியது. அவள் கையைச் சேர்ந்தது. கை அதோடு சேர்ந்து எழும்பித் தணிந்தது. அவ்வளவுதான். கயிறு சும்மா கிடந்தது.

அவர் மறுபடியும் உதறினார். வேகமாக உதறினார். மூன்று, நான்கு, ஐந்து. எல்லாம் அவளிடம் போயின. ஒன்றும் திரும்பவில்லை. குழந்தை கயிற்றைப் பிடிக்கக் கையை நீட்டியது.

"எங்க போச்சு?" என்று கேட்டார்.

"என்கிட்ட வந்துடுச்சு மாமா."

காற்று சத்தமாக இருந்தது. பக்கிரி கிட்டே வந்தார்.

"எங்க கழியில தட்டினா திருப்பித் தட்டணும். தட்டலைன்னாத்தான் ஆள் இல்லை."

"வள்ளத்துல இருக்கறவனுக்குக் கை இருக்கு, தட்டுவான். கம்பியில ஆள் இல்லாத எடம்தான் மாமா தட்டும்." அவள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "திட்டுல அந்தப் பெட்டியோட வாயில அரிசி மணி மாதிரி ஒண்ணு வச்சிருக்கு. கம்பி முழுசா இருந்தா நாம அனுப்பறது அதுக்குள்ள போய் அடங்கிடும். புயல்ல சோலார் தகடு பறந்துபோச்சுன்னு தேடப் போனவங்க சொன்னாங்க, பேட்டரி செத்துப்போச்சு. அந்தப் பெட்டியால இப்ப பேச முடியாது. ஆனா வாங்கிக்கும். வாங்கிக்கிட்டா எதுவும் திரும்பாது."

பக்கிரி மணலில் உட்கார்ந்தார். துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இத்தனை நாளா நான் யார்கிட்ட பேசிக்கிட்டிருந்தேன்?"

"உங்க கையிலேருந்து போனது உங்க கைக்கே வந்துச்சு மாமா."

வள்ளம் அன்று தண்ணீரில் இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அவருக்குப் பயம் வந்தது. முன்பு எந்தப் பள்ளத்தைப் பார்க்க ஓடி வருவாரோ, இப்போது அதைப் பார்க்கக் கண் கூசியது. ஒவ்வொன்றும் இங்கே ஆள் இல்லை, ஆள் இல்லை என்று சொன்னது. பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

"நீ அமுக்கு ஆசானே. எனக்குக் கை வரலை" என்பார்.

வடிவு அமுக்குவாள். பள்ளம் வரும். நூல் மாதிரி மெலிந்து போனாலும் வராமல் இருக்காது. நடுக்கழியில், தண்ணீருக்கு அடியில், எதுவோ ஒன்று சலிக்காமல் அதே கணக்கைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. கொட்டகைத் தகரம் காற்றில் தட தட என்று அடித்தால் பக்கிரி காதைப் பொத்திக்கொள்வார். கட்டியிருந்த சாரத்தைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "வராம இருக்கணும், வராம இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். இப்போதெல்லாம் டீ ஒரு டம்ளர்தான் போட்டார்.

அவர் ஏன் ஊருக்குத் திரும்பிப் போகவில்லை என்று வடிவு கேட்கவே இல்லை.

மார்கழி பிறந்தது. ஒரு காலை காற்று திடீரென்று நின்றுவிட்டது. கதவைத் திறந்தால் கழியைக் காணோம். கரையைக் காணோம். பால் மாதிரி பனி வாசல்வரை வந்து நின்றது. தகரம் அடங்கியிருந்தது. குழந்தைகூடச் சத்தம் போடாமல் தூளிக்குள் கிடந்தது.

வடிவு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். பக்கிரி முகம் கழுவிவிட்டு வந்தார். என்ன நினைத்தாரோ, தானாகப் போய்ப் பெட்டி முன்னால் உட்கார்ந்தார். மூன்று தரம் அமுக்கினார்.

மூன்று குன்றுகள் எழும்பின.

வலது பக்கம் கோடு நேராக இருந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். மறுபடியும் அமுக்கினார். ஏழு தரம் அமுக்கினார். ஏழு போயின. ஒன்றும் வரவில்லை.

"ஆசானே" என்று மெதுவாகக் கூப்பிட்டார். "அதுவும் போச்சு."

வடிவு புகையைக் கையால் விலக்கிக்கொண்டு வந்தாள். "உப்பு முழுசாத் தின்னுடுச்சு போல" என்று சொல்லிக்கொண்டே குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள்.

அவள் விரல் திரையில் மெதுவாக நகர்ந்தது. பள்ளம் விழுந்துகொண்டிருந்த இடத்தில் நின்றது. அங்கே கோட்டின் மேல் கடுகு அளவுக்கு ஒரு சின்னப் புடைப்பு இருந்தது. அதைத் தாண்டிக் கோடு சரியாமல், நடுங்காமல், திட்டுவரை போய்த் தீர்ந்திருந்தது.

"என்னா ஆசானே?"

"உப்பு தின்னா கோடு சரிஞ்சுக்கிட்டே போவும் மாமா. இது சரியலை."

"அந்தக் கடுகு?"

"ஜாயின்ட்."

"அப்படின்னா?"

"அறுந்த எடத்துல ஒட்டுப்போட்டா கம்பி ஒண்ணாயிடும். ஆனா தழும்பு தெரியும். காயம் ஆறினாலும் தழும்பு தெரியும்ல, அந்த மாதிரி."

பக்கிரி எழுந்துவிட்டார். "ஆபீஸ்ல ஆள் அனுப்பிட்டாங்களா?"

அப்போது வாசலில் சைக்கிள் மணி கேட்டது. அஞ்சப்பன் அரிசிப் பையோடு பனிக்குள்ளிருந்து வந்தான். தலையெல்லாம் நனைந்திருந்தது.

"ஏங்க," என்றாள் வடிவு, "கழியில யாராவது எறங்கியிருக்காங்களா?"

"யார் எறங்குவா? கரையோரமாத்தான் உருட்டிக்கிட்டு வர்றேன். எல்லா வள்ளமும் கவுந்தே கெடக்கு. நேத்து ராத்திரிவரைக்கும்தான் அந்தக் காத்து அடிச்சுதே." அவன் தலையைத் துவட்டிக்கொண்டான். "ஆபீஸ்ல கேட்டேன். பொங்கல் கழிச்சுத்தான் படகு வருமாம். ஏன், என்ன ஆச்சு? எதுக்கு ரெண்டு பேரும் இப்படிப் பாக்கறீங்க?"

பக்கிரி அவனைத் தாண்டி வெளியே போனார். காலில் மணல் குளிர்ந்தது. கையை நீட்டிக்கொண்டே நடந்தார். செல்லையனின் வள்ளம் கையில் தட்டுப்பட்டது. வைத்த இடத்தில் வைத்தபடி, பனி நீர் கோத்துக்கொண்டு இருந்தது. துடுப்பை எடுத்தார். வள்ளத்தின் ஓரத்தில் மூன்று தட்டினார்.

சத்தம் பனிக்குள் போயிற்று.

காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் வரவில்லை. கழியில் பிறந்து வளர்ந்த ஒருவனுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான் தெரியும். கொட்டகையில் கற்றுக்கொண்டவனுக்கு வேறு அர்த்தம் தெரியும். அவர் இரண்டு பேராகவும் அங்கே நின்றார். பெயரைச் சொல்லிக் கூப்பிட வாய் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

வடிவு பெட்டி முன்னால்தான் இருந்தாள். தூளிக் கயிறு அவள் கால் விரலில் சுற்றியிருந்தது. அஞ்சப்பன் அரிசிப் பையைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தான்.

"ஆசானே. இப்ப நான் தட்டினது எங்க போச்சு?"

"வள்ளத்துல தட்டினது எனக்குத் தெரியாது மாமா. கம்பியில தட்டினது போய்ச் சேந்துடுச்சு."

"ஒட்டுப்போட்டது யாரு?"

வடிவு மறுபடியும் அந்தக் கடுகைப் பார்த்தாள்.

"அவன் பையை எடுத்துக்கிட்டுத்தானே போனான்?"

"ஆமாம் மாமா."

"அப்போ..." பக்கிரி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். "உயிரோடயா ஆசானே?"

தூளிக்குள் குழந்தை முனகியது. வடிவு திரும்பாமல் காலை இரண்டு தரம் இழுத்துவிட்டாள். முனகல் அடங்கியது. பெட்டியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"கம்பிக்கு அது தெரியாது மாமா" என்றாள். "நீங்க தட்டுங்க. வாங்கிக்கறாங்க."